பால் சுரப்பின் மரபணு ஒழுங்குமுறை: திருவண்ணாமலை வட்டாரக் கறவை மாடுகளை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

கறவை மாட்டின் பால் அளவும் பாலில் அடங்கிய சத்துகளின் விகிதமும் மரபணுக்களால் எவ்வாறு ஒழுங்குபடுத்தப்படுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. மடியின் சுரப்புச் செல்லில் பால்புரத மரபணுக்கள் இயங்கத் தொடங்கும் முறை, பாலின் நீர் அளவை லாக்டோஸ் தீர்மானிக்கும் முறை, கொழுப்பையும் அளவையும் எதிரெதிர்த் திசையில் நகர்த்தும் டிஜிஏடி1 மரபணு, கேசின் தொகுதியும் ஏ2 பால் விவாதமும், வெப்பத்திற்கும் பால் சுரப்பிற்கும் உள்ள தொடர்பு ஆகியவை முதற்பகுதியில் இடம்பெறுகின்றன. பல மரபணுக்களின் கூட்டு விளைவாகிய பால் உற்பத்தியில் தேர்வு முறை எங்ஙனம் செயற்படுகிறது என்பதும், திருவண்ணாமலை போன்ற வெப்பமான மானாவாரி வட்டாரத்தில் அதன் பொருள் யாது என்பதும் பிற்பகுதியில் ஆராயப்படுகின்றன. அதிக லிட்டர் என்ற ஒற்றை அளவுகோலை மட்டும் கொண்டு காளையைத் தெரிவு செய்வது இவ்வட்டார உழவர்க்கு நன்மை பயக்காது என்பதே கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: பால் சுரப்பு, மரபணு ஒழுங்குமுறை, டிஜிஏடி1, கேசின், மரபுவழித்திறன், கலப்பினம், திருவண்ணாமலை.

முன்னுரை

திருவண்ணாமலை வட்டாரத்தின் வரலாற்றில் ஆநிரை செல்வமாகவே எண்ணப்பட்டு வந்துள்ளது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட செங்கம் நடுகற்கள் என்னும் நூலில் தொகுக்கப்பட்ட கல்வெட்டுகளுள் பல, தொறு கவர்தலிலும் தொறு மீட்டலிலும் உயிர்நீத்த வீரர்களைப் பற்றியவை. சோழர் காலக் கோயில்களில் நந்தா விளக்கெரிக்கக் கால்நடைகளைக் கொடையளிக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. ஒரு விளக்கிற்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் என்றும், பசுவாயின் 32 என்றும் எண்ணிக்கை வரையறுக்கப்படுவதைப் பல கல்வெட்டுகளில் காண்கிறோம். சாவா மூவாப் பேராடு என்னும் தொடர், இறப்பனவற்றைக் கன்றும் குட்டியும் ஈடுசெய்யும் என்னும் நம்பிக்கையில் அமைந்தது. அந்த ஏற்பாட்டில் விலங்குகளின் எண்ணிக்கையே கணக்கு; ஒரு பசுவிற்கும் மற்றொரு பசுவிற்கும் உள்ள வேறுபாடு கணக்கில் வரவில்லை.

இன்றைய கணக்கு வேறு. செங்கம், போளூர், கலசபாக்கம், தண்டராம்பட்டு ஆகிய பகுதிகளின் சிற்றூர்களில் காலையும் மாலையும் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்திற்கு வரும் பால், லிட்டரால் மட்டுமன்றிக் கொழுப்புச் சத்தாலும் இதரச் சத்துகளாலும் மதிப்பிடப்படுகிறது. ஒரே தீவனத்தை உண்டு ஒரே கொட்டகையில் கட்டப்பட்டிருக்கும் இரு மாடுகளின் பால் அளவிலும் தரத்திலும் வேறுபடுவது ஏன் என்னும் வினாவிற்கு விடை காண முனைவதே பால் சுரப்பின் மரபியல்.

1. சுரப்புச் செல்லும் ஹார்மோன் ஆணையும்

மாட்டின் உடற்செல்கள் ஒவ்வொன்றிலும் 60 குரோமோசோம்கள் உள்ளன. 2009இல் வெளியான மாட்டு மரபணுத்தொகை வரிசைப்படி, புரதங்களைக் குறிக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 22,000. கேசின் மரபணு தோல் செல்லிலும் உண்டு, ஈரல் செல்லிலும் உண்டு. ஆயினும் அது மடியின் சுரப்புச் செல்லில் மட்டுமே முழு அளவில் இயங்குகிறது. எனவே, மரபணுவின் இருப்பை மட்டும் அறிவது போதாது. அது எப்போது, எங்கே, எவ்வளவு இயங்குகிறது என்பதை அறிவதே ஒழுங்குமுறை ஆய்வின் மையம்.

சினைக் காலத்தில் புரோஜெஸ்டிரான் மிகுந்திருக்கும். அது மடித் திசுவின் வளர்ச்சிக்குத் துணை நிற்பினும் முழுமையான பால் சுரப்பைத் தடுத்து வைக்கிறது. ஈனும் தறுவாயில் அதன் அளவு வீழ்ச்சியடைய, புரோலாக்டினும் கார்ட்டிசாலும் உயர்கின்றன. புரோலாக்டின் சுரப்புச் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியுடன் இணைகிறது. அவ்விணைப்பு செல்லினுள் ஜாக்2 என்னும் நொதியைத் தூண்டுகிறது. அந்நொதி ஸ்டாட்5 என்னும் புரதத்தில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பாஸ்பேட் ஏற்ற ஸ்டாட்5 மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து உட்கருவினுள் நுழைந்து, கேசின் மரபணுக்களின் முன்பகுதியிலுள்ள குறிப்பிட்ட இடங்களில் பற்றிக்கொள்கின்றன. அதன்பின் மரபணு ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டுப் புரதம் உருவாகிறது. இந்த ஸ்டாட்5 முதலில் ஆட்டின் மடித் திசுவிலேயே இனங்காணப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

அசைபோடும் விலங்குகளில் தொடங்கிய சுரப்பைத் தொடர்ந்து நிலைநிறுத்துவதில் வளர்ச்சி ஹார்மோன் முதன்மை பெறுகிறது. அது உண்ட சத்தை உடற்கொழுப்பாகச் சேமிக்க விடாது மடியை நோக்கித் திருப்புகிறது. கன்று ஈன்ற ஆறு முதல் எட்டு வாரங்களில் பால் உச்சத்தை எட்டிப் பின்னர்ப் படிப்படியாகக் குறைவதற்குச் சுரப்புச் செல்களின் எண்ணிக்கை குறைவதே முதற்காரணம். ஆகவே ஒரு மாட்டின் பால் அளவு, செல்களின் எண்ணிக்கை, ஒவ்வொரு செல்லின் செயல்திறன், அச்செல்கள் எத்தனை நாள் நிலைக்கின்றன என்பது ஆகிய மூன்றின் விளைவாகும். இம்மூன்றையும் வெவ்வேறு மரபணுக் குழுக்கள் ஆள்கின்றன.

சுரந்த பால் இறங்குவது மற்றொரு நிகழ்வு. அதற்கு ஆக்சிடோசின் தேவை. நாட்டு மாடுகளில் கன்றை ஊட்டவிட்டு, மடி சுரந்தபின் கறப்பதே வழக்கம். கன்று இறந்தால் பல மாடுகள் பால் மறுத்துவிடும். ஜெர்சி, ஃப்ரீசியன் இனங்களில் கன்று இன்றியே பால் இறங்குகிறது. பல தலைமுறைத் தேர்வு, சுரக்கும் அளவை மட்டுமன்றிப் பால் இறங்கும் இயல்பையும் மாற்றியமைத்துள்ளது என்பதற்கு இஃதொரு சான்று.

2. பாலின் அளவும் லாக்டோசும்

பாலில் சுமார் 87 விழுக்காடு நீர். அந்நீரைச் செல்லிலிருந்து பாலுக்குள் இழுப்பது லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை. லாக்டோசை உருவாக்கும் நொதி இரு பகுதிகளால் ஆனது. ஒன்று உடலின் பல திசுக்களிலும் காணப்படும் நொதி. மற்றொன்று மடியில் மட்டும் உருவாகும் ஆல்ஃபா-லாக்டால்புமின் என்னும் புரதம். பின்னது சேரும்போதே முன்னது லாக்டோசை உருவாக்கும் திறன் பெறுகிறது. ஆல்ஃபா-லாக்டால்புமின் மரபணு இயங்காவிடில் லாக்டோஸ் இல்லை. லாக்டோஸ் இல்லையேல் நீர் வராது.

இதனால்தான் பாலின் கொழுப்பு விழுக்காடு மாட்டுக்கு மாடு பெரிதும் வேறுபட, லாக்டோஸ் விழுக்காடு 4.5க்கும் 5க்கும் இடையில் ஏறத்தாழ மாறாது நிற்கிறது. லாக்டோஸ் கூடினால் நீரும் கூடும். எனவே விழுக்காடு மாறுவதில்லை, லிட்டரே மாறுகிறது.

3. கொழுப்பும் அளவும்: டிஜிஏடி1 மரபணு

பால் மரபியலில் ஒற்றை மரபணுவின் விளைவு மிகத் தெளிவாகப் புலப்பட்ட இடம் 14ஆம் குரோமோசோமிலுள்ள டிஜிஏடி1. பால் கொழுப்பின் பெரும்பகுதியாகிய டிரைகிளிசரைடு உருவாகும் இறுதிப் படியை நிகழ்த்தும் நொதியை இம்மரபணு குறிக்கிறது. அந்நொதியின் 232ஆம் இடத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் இருப்பது ஒரு வடிவம். அலனின் இருப்பது மற்றொரு வடிவம். இவ்வேறுபாட்டின் விளைவு 2002இல் வெளிப்படுத்தப்பட்டது. லைசின் வடிவம் கொழுப்பு விழுக்காட்டை உயர்த்துகிறது. ஆனால் பாலின் மொத்த அளவைக் குறைக்கிறது. அலனின் வடிவம் லிட்டரைக் கூட்டிக் கொழுப்பு விழுக்காட்டைத் தாழ்த்துகிறது.

இந்திய நாட்டினங்களிலும் எருமைகளிலும் லைசின் வடிவமே நிலைபெற்றுள்ளதாகக் கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபுவள நிறுவன ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்டனர். ஜெர்சி இனத்திலும் லைசின் வடிவம் மிகுதி. ஃப்ரீசியன் மந்தைகளில் இரு வடிவங்களும் கலந்துள்ளன. ஆகவே நாட்டு மாட்டுடன் ஜெர்சி கலக்கும்போது இம்மரபணு இடத்தில் பெரிய மாற்றம் நேர்வதில்லை. ஃப்ரீசியன் கலக்கும்போது அலனின் வடிவம் மந்தைக்குள் நுழைய வாய்ப்பு மிகுகிறது.

இதன் பொருளியல் விளைவை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு மாடு 4.5 விழுக்காடு கொழுப்புடன் நாளொன்றுக்கு 8 கிலோ பால் தருவதாகவும், மற்றொன்று 3.5 விழுக்காடு கொழுப்புடன் 10 கிலோ தருவதாகவும் கொள்வோம். முதல் மாட்டின் கொழுப்பு 360 கிராம். இரண்டாவதன் கொழுப்பு 350 கிராம். பாத்திரத்தில் இரண்டு கிலோ கூடினும் கொழுப்பு கூடவில்லை. இரண்டாவது மாடு அந்தக் கூடுதல் பாலுக்குரிய லாக்டோசையும் புரதத்தையும் உருவாக்க வேண்டும்; அதற்கான தீவனத்தையும் நீரையும் உழவர் தர வேண்டும். கொழுப்பையும் இதரச் சத்தையும் இணைத்து விலை வைக்கும் சந்தையில், எந்த மாடு இலாபமானது என்பதை லிட்டர் மட்டும் சொல்லிவிடாது.

4. கேசின் தொகுதியும் ஏ2 விவாதமும்

பாலின் புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கேசின். ஆல்ஃபா-எஸ்1, பீட்டா, ஆல்ஃபா-எஸ்2, கப்பா ஆகிய நான்கு கேசின்களின் மரபணுக்களும் 6ஆம் குரோமோசோமில் அடுத்தடுத்து ஒரு தொகுதியாக அமைந்துள்ளன. அருகருகே இருப்பதால் அவை பெரும்பாலும் ஒருங்கே கன்றுக்குச் செல்கின்றன.

பீட்டா-கேசினின் 67ஆம் இடத்தில் புரோலின் இருப்பின் ஏ2 எனவும், ஹிஸ்டிடின் இருப்பின் ஏ1 எனவும் வழங்கப்படுகிறது. ஏ1 வடிவம் செரிக்கும்போது ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட சிறு துண்டு எளிதில் பிரிகிறது. அத்துண்டே நோய்களுக்குக் காரணம் என்ற கருத்தை ஆராய்ந்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், காரண-விளைவுத் தொடர்பு நிறுவப்படவில்லை என 2009இல் அறிவித்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், ஏ1, ஏ2 என்னும் குறிப்புகளைப் பொதிகளிலிருந்து நீக்குமாறு 2024 ஆகஸ்டில் அறிவுறுத்தி, சில நாட்களிலேயே அவ்வறிவுரையைத் திரும்பப் பெற்றது.

இந்திய நாட்டினங்களில் ஏ2 வடிவம் ஏறத்தாழ நிலைபெற்றுள்ளது என்பது மெய். ஆயினும் ஏ2 என்பது ஓர் அமினோ அமில வேறுபாட்டின் பெயரேயன்றி நாட்டு மாட்டின் மறுபெயரன்று. ஜெர்சியிலும் ஃப்ரீசியனிலும் ஏ2 வடிவம் உண்டு; கலப்பின மாடு ஏ2 இரட்டை வடிவம் உடையதாகவும் இருக்கலாம். நாட்டினங்களைப் பேணுவதற்கு வெப்பம் தாங்குதல், நோய் எதிர்ப்பு, எளிய தீவனத்தில் வாழ்தல் ஆகிய வலுவான காரணங்கள் உள்ளன. நிறுவப்படாத ஒரு மருத்துவக் கருத்தின்மேல் அப்பணியைக் கட்டியெழுப்புவது அதற்கே ஊறு செய்யும்.

5. வெப்பமும் பால் சுரப்பும்

திருவண்ணாமலையின் கோடை 40 பாகை செல்சியசைத் தொடுவது. வெப்பமும் ஈரப்பதமும் இணைந்த குறியீட்டெண் 72ஐக் கடக்கும்போது மிகுபால் ஃப்ரீசியன் மாடுகளில் பால் குறையத் தொடங்குவதாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. பால் உருவாக்கமே உடலில் வெப்பத்தை உண்டாக்கும் செயல். எனவே அதிகம் கறக்கும் மாடே அதிகம் வாடும்.

புரோலாக்டின் ஏற்பியின் மரபணு இவ்விடத்தில் கருதத்தக்கது. கரீபியன் பகுதியின் செனெபோல் இனத்தில் காணப்படும் மென்மயிர்ப் பண்பிற்குக் காரணம், 20ஆம் குரோமோசோமிலுள்ள இம்மரபணுவில் நேர்ந்த ஒற்றை எழுத்து இழப்பு என 2014இல் கண்டறியப்பட்டது. அதனால் ஏற்பியின் கடைப்பகுதி குறுகுகிறது; மயிர் குட்டையாகி, மாடு வெப்பத்தை எளிதில் வெளியேற்றுகிறது. பால் சுரப்பை இயக்கும் அதே சமிக்ஞைப் பாதை மயிரையும் வெப்பம் தாங்கும் திறனையும் ஆள்வதை இக்கண்டுபிடிப்பு காட்டியது. மரபணுத் திருத்தத்தால் இம்மாற்றம் பெற்ற மாடுகளின் இறைச்சிப் பொருள்கள் குறித்து அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022 மார்ச்சில் குறைந்த இடர் உடையவை என முடிவு செய்தது.

மரபணு எழுத்து மாறாமலே அதன் இயக்கம் மாறுவதும் உண்டு. மடிவீக்க நோயின்போது ஆல்ஃபா-எஸ்1 கேசின் மரபணுவின் முன்பகுதியில், ஸ்டாட்5 பற்றும் இடத்தை ஒட்டி, மெத்தில் குறிகள் மீண்டும் ஏறுவதும் அம்மரபணுவின் இயக்கம் ஒடுங்குவதும் கண்டறியப்பட்டுள்ளன. நல்ல மரபு பெற்ற மாடும் மடிவீக்கத்திற்குப்பின் பழைய அளவிற்குத் திரும்பாமைக்கு, திசு அழிவுடன் இத்தகைய மாற்றமும் பங்களிக்கக்கூடும். மடித் தூய்மை மரபணுவின் இயக்கத்தையும் காப்பதே ஆகும்.

6. பல மரபணுக்களின் கூட்டு விளைவு

டிஜிஏடி1 போன்ற பெருவிளைவு மரபணுக்கள் சிலவே. பால் அளவின் மரபு வேறுபாட்டில் பெரும்பகுதி, தனித்தனியே மிகச் சிறு விளைவுடைய பல நூறு மரபணு இடங்களின் கூட்டுத்தொகை. ஒரு மந்தையில் காணும் பால் அளவு வேறுபாட்டில் கன்றுக்குக் கடத்தப்படும் மரபால் ஆன பங்கு மரபுவழித்திறன் எனப்படும். பால் அளவிற்கு இது பொதுவாக 0.25 முதல் 0.35 வரை மதிப்பிடப்படுகிறது. கொழுப்பு விழுக்காட்டிற்கு 0.5ஐ ஒட்டியது.

இதன் பொருள் யாது? மந்தைச் சராசரியைவிட ஒரு கறவைக் காலத்தில் 600 லிட்டர் கூடுதலாகக் கறக்கும் பசுவை எடுத்துக்கொள்வோம். மரபுவழித்திறன் 0.3 எனில், அக்கூடுதலில் 180 லிட்டரே அதன் மரபு மதிப்பாக எதிர்பார்க்கத்தக்கது. கன்று தாயிடமிருந்து பாதி மரபையே பெறுவதால், சராசரிக் காளைக்குப் பிறந்த மகளிடம் எதிர்பார்க்கத்தக்க கூடுதல் 90 லிட்டர். தீபத் திருவிழாவையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையில் தாயின் மடியைப் பார்த்துக் கிடாரி வாங்குவது தவறன்று. ஆனால் அது தரும் உறுதி இவ்வளவே.

காளையின் நிலை வேறு. காளை கறப்பதில்லை, அதன் மதிப்பை மகள்களே காட்டுகின்றன. அதே மரபுவழித்திறனில் பத்து மகள்களின் கறவைப் பதிவு இருப்பின் காளையின் மரபு மதிப்பீட்டின் நம்பகத்தன்மை ஏறத்தாழ 45 விழுக்காடு. ஐம்பது மகள்கள் இருப்பின் 80 விழுக்காடு. கால்நடை மருந்தகத்தில் சினை ஊசி போடப் பயன்படும் ஓர் உறைவிந்துக் குச்சியின் தரம், எங்கோ கறந்து பதிவு செய்யப்பட்ட மகள்களின் எண்ணிக்கையில்தான் அடங்கியுள்ளது.

7. இனக்கலப்பும் தேர்வும்

காங்கயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம், ஆலம்பாடி ஆகிய தமிழ்நாட்டு இனங்கள் உழவிற்கும் பாரம் இழுப்பதற்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவை. பால் பெருக்கத்திற்காகச் சமவெளிக்கு ஜெர்சியும் மலைப்பகுதிக்கு ஃப்ரீசியனும் என்ற அடிப்படையில் இனக்கலப்பு மேற்கொள்ளப்பட்டது. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மாடுகள் சுமார் 95 லட்சம். அவற்றுள் பெரும்பான்மை கலப்பினமே.

முதல் தலைமுறைக் கலப்பினத்தில் ஒவ்வொரு மரபணு இடத்திலும் ஈரினங்களின் வடிவங்கள் இணை சேர்வதால் கலப்பு வீரியம் உச்சத்தில் இருக்கும். கலப்பினத்தைக் கலப்பினத்துடன் சேர்க்கும் அடுத்த தலைமுறையில் அவ்வீரியத்தின் பாதி இழக்கப்படுகிறது. கன்றுகளிடையே ஏற்றத்தாழ்வும் மிகுகிறது. இவ்விழப்பை ஈடுகட்ட அயலின மரபைக் கூட்டிக்கொண்டே சென்றால், வெப்பமும் தீவனப் பற்றாக்குறையும் குறுக்கிடுகின்றன. வேர்க்கடலைக் கொடியும் வைக்கோலும் பிண்ணாக்கும் முதன்மைத் தீவனமாக உள்ள மானாவாரிக் குடும்பத்தில், மிகுந்த அயலின மரபு பெற்ற மாடு தன் மரபு குறிக்கும் அளவைக் கறக்காது. சினை பிடிப்பதும் தாமதமாகும். எனவே அயலினப் பங்கைப் பாதி அளவை ஒட்டி நிறுத்தி, அதன்பின் கலப்பினக் காளைகளுள்ளேயே சிறந்தவற்றைத் தேர்வதே பொருத்தமான வழி.

அத்தேர்வை விரைவுபடுத்துவது மரபணுத்தொகைவழித் தேர்வு. மரபணுத்தொகை முழுவதும் பரவிய பல்லாயிரம் குறியிடங்களின் விளைவுகளைக் கூட்டி மரபு மதிப்பைக் கணிக்கும் இம்முறை 2001இல் கோட்பாடாக முன்வைக்கப்பட்டது. 2009இல் அமெரிக்க ஃப்ரீசியன் இனத்தில் அதிகாரப்பூர்வ நடைமுறையாயிற்று. மகள்கள் கறக்கும்வரை பல ஆண்டுகள் காத்திராமல், கன்றுப் பருவத்திலேயே காளையை மதிப்பிட இது வழி செய்கிறது. இந்திய இனங்களுக்கென உருவாக்கப்பட்ட கௌ சிப், எருமைகளுக்கான மகிஷ் சிப் ஆகியவை 2024 அக்டோபர் 5 அன்று வெளியிடப்பட்டன.

எனினும் சில்லு தானாக எதையும் கணிப்பதில்லை. எந்தக் குறியிடம் எவ்வளவு பாலுக்கு இணையானது என்பதை அறிய, மரபணு வகையும் கறவைப் பதிவும் ஒருங்கே கிடைத்த ஆயிரக்கணக்கான மாடுகள் வேண்டும். அயல்நாட்டு மந்தைகளில் கண்ட விளைவுகளைத் திருவண்ணாமலையின் ஜெர்சி கலப்பினத்தின்மேல் அப்படியே ஏற்ற இயலாது. இனம் வேறு, சூழல் வேறு, குறியிடத்திற்கும் மரபணுவிற்கும் உள்ள பிணைப்பும் வேறு. 12 இலக்க எண் கொண்ட காதுவில்லை இன்று பெரும்பாலான மாடுகளில் பொருத்தப்பட்டு வருகிறது. அவ்வெண்ணுடன் மாதம் ஒருமுறை கறந்த அளவும் கொழுப்பும் சேருமாயின், ஒரு சிற்றூரின் தொழுவங்களே ஆய்வுக்களமாகிவிடும். கூட்டுறவுச் சங்கத்தில் பால் நாள்தோறும் அளக்கப்படுகிறது. ஆனால் அஃது உறுப்பினரின் பெயரில் அளக்கப்படுகிறதே அன்றி மாட்டின் எண்ணில் அன்று. இரண்டு மூன்று மாடுகளின் பால் ஒரே பாத்திரத்தில் கலந்தபின் மரபியல் செய்தி மறைந்துவிடுகிறது.

முடிவுரை

பால் சுரப்பு ஒற்றை மரபணுவின் செயலன்று. ஹார்மோன் ஆணையால் தொடங்கி, ஸ்டாட்5 வழியே இயக்கம் பெற்று, லாக்டோசால் அளவும் டிஜிஏடி1 போன்றவற்றால் கொழுப்பும் வரையறுக்கப்பட்டு, வெப்பத்தாலும் நோயாலும் மாற்றம் பெற்று, பல நூறு சிறுவிளைவு மரபணுக்களின் கூட்டுத்தொகையாக அது பாத்திரத்தை வந்தடைகிறது. இதனின்று பெறப்படும் முடிவுகள் மூன்று. முதலாவது, காளைத் தேர்வில் லிட்டருடன் கொழுப்பு, இதரச் சத்து, வெப்பம் தாங்கும் திறன், சினைப்பிடிப்பு ஆகியவற்றையும் இணைத்த குறியீட்டெண் இவ்வட்டாரத்திற்கென வகுக்கப்பட வேண்டும். இரண்டாவது, நாட்டினப் பாதுகாப்பிற்கு ஏ2 முழக்கத்தினும் உறுதியான அறிவியற் காரணங்கள் முன்வைக்கப்பட வேண்டும். மூன்றாவது, தனி மாட்டின் கறவைப் பதிவு தொடங்கப்பட வேண்டும். ஏனைய இரண்டிற்கும் இதுவே அடிப்படை. விலையுயர்ந்த சில்லுக்கு முன்னர்த் தேவைப்படுவது, ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனியே அளந்து அதன் எண்ணுக்கு எதிரே எழுதிவைக்கும் ஒரு பதிவேடு.